விதி நான்கு (ஆ)

மூன்றாம் செமஸ்டர். ஆய்வு முறைகள்.
மஸ்கட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி.
டாக்டர் ஸுவைனா பலகையில் ஐந்து கட்டம் போட்டார்.
இந்தக் கடைசியில் 'முற்றிலும் உடன்படுகிறேன்',
அந்தக் கடைசியில் 'சற்றும் உடன்படவில்லை'.
"மனிதர்கள் இதற்குள் எங்கோ இருப்பார்கள்" என்றார்.
எழுதிக்கொண்டேன். அடிக்கோடும் போட்டேன்.

கேள்விகளைத் தமிழாக்க ஒரு வாரம் போயிற்று.
தமிழில் யார் முற்றிலும் உடன்படுகிறார்கள்?
"ஆமா" என்பார்கள், "ஆமாமா" என்பார்கள்,
மிஞ்சிப்போனால் "பின்ன?" என்பார்கள்.

ருசைல் தொழிற்பேட்டை, வெள்ளிக்கிழமை.
தொழுகை முடிந்து, பிரியாணி முடிந்து,
துணி காயப்போடும் நேரம்.
அறைக்கு எட்டுப் பேர், மூன்று அறைகள்,
எண் ஒன்று முதல் இருபத்துநான்கு.
பெயர் கேட்கக் கூடாது, நெறிமுறைக் குழுவின் கட்டளை.
அவர்கள்தான் கேட்டார்கள்:
"எந்த ஊரும்மா? அப்பா என்ன பண்றாரு?
இது படிச்சா வேலை கெடைக்குமா?"
நாற்பது நிமிட நேர்காணலில்
முதல் பதினைந்து நிமிடம்
ஆய்வுக்கு உட்பட்டவள் நான்.

தங்குமிடம்?
"பரவாயில்ல."
சாப்பாடு?
"பரவா...யில்ல." பக்கத்துக் கட்டிலைப் பார்த்தபடி.
அன்றைய சமையல் முறை அந்தக் கட்டிலுக்கு.
பணியிடப் பாதுகாப்பு?
ஏழாம் எண் இடக்கையை விரித்தார்.
மோதிர விரல் பாதியில் நின்றது.
"பரவாயில்ல. நான் வலக்கைக்காரன்."
நான் சட்டென்று நகர்ந்ததில் டீ கவிழ்ந்து
அவர் படுக்கை விரிப்பெல்லாம் ஏலக்காய் வாசம்.
"ஐயோ, ஸாரிண்ணே."
"அட, பரவாயில்லம்மா."

நான்குக்கும் ஒரே எழுத்து.
மூன்றில் போடலாம், மூன்று என்றால் நடுநிலை.
நடுநிலையில் ஒருவரைக்கூட நான் அங்கே பார்க்கவில்லை.

ஒருத்தி மட்டும் எண் போட்டால் செல்லாதாம்,
இன்னொருவர் தனியாகக் கேட்டுப் போட வேண்டும்.
காலாவில் கணக்கெழுதும் நிரோஜன் ஒத்துக்கொண்டான்,
பருத்தித்துறைக்காரன்.
ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னான்:
"இந்த மனிசன் சந்தோசமா இருக்கிறன் எண்டுதானே சொல்லுறார்.
நாலு."
நான் இரண்டு போட்டிருந்தேன்.
"நீர் விரலைப் பாத்தனீர். எனக்குக் குரல் மட்டும்தானே."
இருவரும் ஒத்துப்போன அளவு, புள்ளி மூன்று எட்டு.
'விதிகளைக் கூர்மையாக்கு.' சிவப்பு மையில் டாக்டர் ஸுவைனா.

கூர்மையாக்கினேன்.
விதி நான்கு: சிரிப்பில் முடிந்தால் நான்கு.
விதி நான்கு (அ): பெருமூச்சில் முடிந்தால் இரண்டு.
விதி நான்கு (ஆ): டீ கொட்டிய பிறகு சொன்னது
கணக்கில் சேராது.

ரஹ்மா படித்துவிட்டுச் சிரிக்கவில்லை.
"எனக்கு அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.
சொஹார் மீனவர்கள் முப்பது பேர்,
வலை கிழிந்தவரும் அதேதான், படகு வாங்கியவரும் அதேதான்.
"நாலா? அஞ்சா?"
இருவரும் கேன்டீனுக்குப் போனோம்.

இரவில், பதிவைக் கேட்டு எழுதும் வேலை.
மௌனத்தையும் எழுத வேண்டும்,
அடைப்புக்குறிக்குள், நொடிக்கணக்கில்.
தங்குமிடத்துக்கு முன்னால் (1).
சம்பளத்துக்கு முன்னால் (3).
கேள்வி பதினான்கு: வந்த காரியம் நிறைவேறியதா?
பத்தொன்பதாம் எண், (11).
திரும்ப ஓட்டினேன். பதினொன்றுதான்.

அதற்குள்ளே
ஏசி தண்ணீர் வாளியில் சொட்டுகிறது.
யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு வராந்தாவில் போகிறார்.
குக்கர் கத்துகிறது.
"எத்தனைய்யா ஆச்சு?" உள்ளிருந்து ஒரு குரல்.
"மூணு" என்கிறார் பத்தொன்பது.
"இன்னும் ஒண்ணு விடு."
பிறகு நாற்காலி கிறீச்சிடுகிறது,
மைக்குக்கு மிக அருகில் அவர் குரல்:

"என்னம்மா கேட்ட?"