பந்து தேட மூன்று நிமிடம்

ஏரி இன்னும் திறக்கவில்லை.
மைதானம் திறந்துவிட்டதாகத் தூய்ரே
நேற்றிரவு செய்தி அனுப்பினாள்:
"ஒன்பது குழிகள் மட்டும்.
கிரீன்கள் தற்காலிகம்.
குறை சொல்கிறவர்கள் ஜூனில் வரவும்."

கயானிக்கு வடக்கே, ஏப்ரல் முடிகிற வாரம்.
ஏழு மணிக்கே வந்துவிட்டோம் நால்வரும்.
புல்லெல்லாம் உறைபனி.
இப்போது மிதித்தால்
சில நாள் கழித்துக் கருகித் தெரியும்;
அவசரப்பட்டவன் யார் என்பதைக்
காலணி அளவோடு காட்டிக்கொடுக்கும்.
அதனால் காருக்குள்ளேயே இருக்கிறோம்,
ஹீட்டர் இரைய,
கண்ணாடியில் எங்கள் மூச்சு வழிய.
மடியில் மூன்று பந்துகளை வைத்து
அடைகாக்கிறான் உர்ப்போ.

அவனோடு நான் பேசாமல் இல்லை.
முழங்கால், வரி, மருமகனின் படகு
எல்லாம் பேசுகிறோம்.
அக்டோபரை மட்டும் பேசுவதில்லை.

அக்டோபரில், ஏழாம் குழியில்,
முதல் பனி விழத் தொடங்கிய அந்திநேரம்
நான் அடித்தது பிர்ச் மரங்களின் பக்கம் போயிற்று.
உள்ளே என்றேன்.
வெள்ளைக் கழிக்கு வெளியே என்றான்.
தேட மூன்று நிமிடம்தான் விதி.
கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றான்,
ஒரு புதரைக்கூட விலக்காமல்.
வெள்ளையில் வெள்ளையைத்
தடவித் தடவித் தோற்று
ஐந்து யூரோ கொடுத்தேன்.
அதன்மேல் ஓர் ஆள் இடுப்பளவு பனி.
வாசலில் பனி வாரிய ஒவ்வொரு காலையும்
அந்தப் புதரைத்தான் வாரினேன்.

பத்தேகால்.
தூய்ரே மண்டியிட்டு உள்ளங்கையைப் புல்லில் அழுத்தி,
மோந்து பார்த்து,
கட்டைவிரலை உயர்த்துகிறாள்.

முதல் அடி.
இரும்பின் விளிம்பில் பட்டு
குளிர் மணிக்கட்டில் ஏறி
கடைவாய்ப்பல் அடைப்பில் போய் மணியடித்தது.
பந்து நாற்பதடி தாண்டி
விழுந்த குழியிலேயே புதைந்தது.
சேய்யா சிரித்ததில்
தெர்மாஸ் காப்பி பாதி சிந்திற்று.
அவள் பந்து போன இடம் எலிவளை.
தரையெங்கும் பனிப்பூஞ்சையின் சாம்பல் வளையங்கள்,
யாரோ ஈரக் கோப்பைகளை
வைத்து வைத்து எடுத்தாற்போல.
தலைக்கு மேல் நாரைகள்,
எங்களைவிட ஒழுங்காக வரிசையில்.

ஏழாம் குழி.
மரநிழலில் மிஞ்சிக் கிடந்த பனி
பழைய மெத்தை மாதிரி அழுக்காக இருந்தது.
அது கரைகிற ஓரத்தில்
மஞ்சளேறிய ஒரு பந்து;
நான் பேனாவால் வைத்த மூன்று பச்சைப் புள்ளிகள்.
"உள்ளே!" என்று கத்தினேன்.
ஒரு காக்கை எழுந்து போனது.

உர்ப்போ வந்து குனிந்தான்.
வெள்ளைக் கழியைக் காட்டினான்.
மண் உறைந்து உப்பி
அது ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது.
நிமிர்த்தினால் பந்து உள்ளே.
விட்டால் வெளியே.
நரி உருட்டியிருக்கலாம் என்றான்.
நரிக்கு என்னப்பா என்மேல் அக்கறை என்றேன்.

தூய்ரே வண்டியை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
"வெளியே போனாலும்,
தேடிக் கிடைக்காவிட்டாலும்,
தண்டனை ஒன்றுதானே?"
என்றாள்.
மண்வெட்டியோடு போய்விட்டாள்.

ஆறு மாதம்.
இருவரும் பந்தையே பார்த்து நின்றோம்.
ஏரிப்பக்கம் பனிக்கட்டி ஒருமுறை முனகிற்று.
பையிலிருந்து அடைகாத்த பந்தொன்றை எடுத்து
என் கையில் வைத்தான் உர்ப்போ.
இன்னும் சூடாக இருந்தது.
உணர்வற்ற விரல்கள்
ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தன.

எட்டாம் குழியில் அவன் அடித்தது
வலப்பக்கம் வளைந்து ஏரியில் விழுந்தது.
மூழ்கவில்லை.
டொக், டொக், டொக் என்று
உறைந்த நீரின்மேல் ஓடி
நட்டநடுவில் நின்றது.
கறுத்து இளகிய பனிக்கட்டி;
நாய்கூடக் கால் வைக்காது.

"தெரிகிறதே, அதெப்படித் தொலைந்ததாகும்?"
என்கிறான் உர்ப்போ.

நான் கையுறையை விலக்கிக்
கடிகாரத்தைப் பார்க்கிறேன்.