கடைசி இரண்டு மணி நேரம்

மழைக்கு ஒதுங்கித்தான் போனேன்.
நான்கு யூரோ. கோட்டைக் கொடுத்ததற்கு
எண் பொறித்த பித்தளை வில்லை.
லியெபாயாத் துறைமுகத்தில் ஒரு காலம்
சர்க்கரை மூட்டை அடுக்கிய கிடங்கு;
தூண்களில் இன்னும் சில எறும்புகள்
பழைய நம்பிக்கையில் ஏறி இறங்குகின்றன.

முதல் மாடியில் இருட்டறை.
சுவர் அகலத்துக்கு ஒரு சமையலறை, திரையில்.
மேசை. கோட்டு போட்ட பெண். காலருகே பெட்டி.
அவ்வளவுதான் நடக்கிறது,
ஒன்பது மணி நேரம் என்கிறது வாசல் அட்டை.
அட்டையைப் படிக்கிற நேரம்கூட
யாரும் அவளைப் பார்ப்பதில்லை.
ஒரு ஜோடி வந்தது.
திரைக்கு முதுகு காட்டித்
தங்களைப் படமெடுத்துக்கொண்டு போனது.

நானும் எழுந்தேன்.
மூலை நாற்காலியிலிருந்து காவலர்
(ஸ்கைட்ரீடெ, சட்டையில் குத்திய பெயர்)
தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல்,
"பதினொன்று இருபதுக்கு
ஒரு கையுறையைக் கழற்றுவாள். இருங்கள்" என்றார்.
இருந்தேன்.
கழற்றினாள்.
ஒற்றைக் கையுறைக்கா
நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளும்?

மதியம் பள்ளிப் பிள்ளைகள், ஈரச் சப்பாத்துகளோடு.
ரெய்னிஸ் என்று அதட்டப்பட்ட ஒருவன்
ப்ரொஜெக்டர் ஒளிக்குக் குறுக்கே நடந்தான்.
அவன் நிழல் போய்
அவளுக்கு எதிரே நின்றது.
வெளியே வா, பல்லைக் கடித்தார் ஆசிரியை.
அவன் குனிந்து
நிழல் கையால் பெட்டியின் பிடியைப் பற்றித்
தூக்கிப் பார்த்தான்.
"கனமா இருக்கு" என்றான், யாரிடமோ.
தடுப்பதற்குத்தான் ஸ்கைட்ரீடெவுக்குச் சம்பளம்.
தடுக்கவில்லை.

"கடைசியில் போய்விடுகிறாளா?"
"பத்துக்குத் திறக்கிறோம். ஐந்துக்குப் பூட்டுகிறோம்.
கழித்துப் பாருங்கள்."
"பூட்டிய பிறகு?"
"ஓடிக்கொண்டிருக்கும். ஏழுக்குத் தானே அணையும்."
"ஒரு நாளாவது இருந்து பார்த்திருக்கலாமே?"
"ஐந்து இருபதுக்கு என் பேருந்து" என்றார்.
பிறகு, கேட்காமலே:
"பதினோரு வாரம் ஆகிறது.
நான் எதிர்பார்ப்பது நடக்காவிட்டால்
மறுநாள் எப்படி வந்து உட்கார?"

வில்லையைக் கொடுத்துக் கோட்டை வாங்கினேன்.
மழை விடவில்லை.

ஏழுக்கு ஐந்து நிமிடம்.
விடுதி அறையில் நூடுல்ஸுக்குத்
தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.
நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தம்.
மேல்மாடியில்தான், தெரியும்.
ஆனாலும் அடுப்பை அணைத்துவிட்டு
கரண்டியும் கையுமாக நின்றேன்,
அடுத்துக்
கதவு திறக்கிறதா என்று.