பதினோரு நிமிடம்

பையனுக்கா என்று கேட்டாள்.
ஆமாம் என்றேன்.
நாற்பத்து மூன்று வயதில், வழுக்கை விழத் தொடங்கிய தலையோடு
எனக்குத்தான் என்று சொல்ல
அந்தக் கடையில் இடமில்லை.
முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர்,
தலைக்கு மேல் தொங்கும் ரிமோட் கார்கள்.

சியுதாத் தெல் எஸ்தே.
பாலத்துக்கு இந்தப் பக்கம் பராகுவே, அந்தப் பக்கம் என் பிரேசில்,
கீழே பரனா நதி,
யார் என்ன வாங்கினார்கள் என்று கேட்காமல் போகிறது.
அருவி பார்க்க வருகிறவர்களின் ஈரத் துவாலைகளை
ஓட்டல் நிலவறையில் துவைத்துத் துவைத்துச் சேர்த்த
முந்நூற்று இருபது டாலர் என் சாக்ஸுக்குள்.

எதுவிஹெஸ் (சட்டையில் குத்தியிருந்த பெயர்)
தெரெரேக் குவளையை ஓரமாக நகர்த்திவிட்டுப்
பெட்டியைத் தட்டிக் காட்டினாள்.
"புத்தம் புதுசு. காற்றுகூடப் படவில்லை."
சீல் இருந்தது.
சீல் கொஞ்சம் கோணலாகவும் இருந்தது.
பார்த்தேன். பார்த்ததை
என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

சுங்கச் சாவடியிலும் பையனுக்கு என்றேன்.
இரண்டாம் முறை சொல்லும்போது
அவனுக்கு ஒன்பது வயது ஆகியிருந்தது.

வீட்டில் கதவைத் தாழிட்டுப் பிரித்தேன்.
கையில் பிடிக்கும் கருவியில் இடது குமிழ் மட்டும்
பாதி சப்பிய மிட்டாய்போல் வழுவழுத்திருந்தது.
சாய்த்தபோது காற்றுத் துளையிலிருந்து
ஒரு கரப்பான் கால் விழுந்தது.
காற்றுதான் படவில்லை என்றாள்,
கரப்பானைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லையே.

திரை ஒளிர்ந்தது.
வருக, எலியெசர்.

யாரப்பா நீ?
இருநூற்றுப் பதினான்கு மணி நேரம் ஆடியிருக்கிறாய்.
உன் வீரன் ஒரு கயிற்றுப் பாலத்தில் நிற்கிறான்,
உயிர் இரண்டரை இதயம்,
பக்கத்தில் குதிரை. அதற்கு நீ வைத்த பெயர் மொரொத்தி,
வெள்ளை என்று அர்த்தம். குவரானியில்
எனக்குத் தெரிந்த நாலு சொற்களில் ஒன்று.

தொடர்க என்று அழுத்தினேன்.
பாலம் தாண்டி, நரிகள் தாண்டி, மலைச்சரிவில் ஏறும்போது
விசிறி லாரி மாதிரி உறுமியது.
சிவப்பு விளக்கு. இருட்டு.
பதினோரு நிமிடம்.

ஆற விட்டேன். மறுபடி பதினோரு நிமிடம்.
மறுபடி அதே கயிற்றுப் பாலம்,
அதே இரண்டரை இதயம்,
எதுவும் நடக்காததுபோல் வால் ஆட்டும் மொரொத்தி.
ஆட்டத்தைச் சேமிக்கும் இடம் மலைக்கு அந்தப் புறம்.
அங்கே போய்ச் சேரும் அளவுக்கு
இந்தப் பெட்டிக்கு மூச்சு இல்லை.

சனிக்கிழமை திருப்பிக் கொண்டுபோனேன்.
வழியெல்லாம் சண்டைக்கு வாக்கியம் தயாரித்தேன்,
அரைகுறை ஸ்பானிய மொழியில், வினைச்சொல் இல்லாமல்.

"பையன் என்ன சொன்னான்?"
"அழுதான்."
"ஐயோ. பேர் என்ன அவனுக்கு?"

இல்லாத பிள்ளைக்குப் பெயர்
சட்டென்று எங்கிருந்து வரும்?
"எலியெசர்" என்றேன்.

வெந்நீர்க் குடுவைபோல் ஒரு குடுவை, உள்ளே ஐஸ் தண்ணீர்.
அதைச் சாய்த்த கை அப்படியே நின்றது.
குவளை நிரம்பி, ரசீதுப் புத்தகம் நனைந்தது.
துடைக்கவில்லை.
என்னைப் பார்க்காமல், யாருக்கும் கேட்காத குரலில்
"குதிரை இருக்கிறதா?"

"இருக்கிறது" என்றேன்.

பணத்தை எண்ணித் தந்தாள். நாற்பது டாலர் குறைந்தது.
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
வாக்கியங்களெல்லாம் வாயிலேயே கிடந்தன.
பெட்டியை அலமாரியில் வைக்கவில்லை,
தன் காலடியில், கைப்பைக்குப் பக்கத்தில் தள்ளினாள்.
பின்னாலிருந்தவன், அண்ணே நகருங்கள் என்றான்.

பாலத்தின் நடுவில் வந்த பிறகுதான்
சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது:
நாலாம் முறை ஆடும்போது
தூரத்தில் நெருப்பு தெரிந்தது, சேமிக்கும் இடம் அதுதான்,
குதிரை அதைப் பார்த்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது.