ஐந்தாம் துண்டு

கணினிகள் வந்துவிட்டன, பிளாஸ்டிக் உறை கிழியாமல்.
கேபிள் மட்டும் வரவில்லை.
நரின் சாலையில் பனி, மலை வழிவிடட்டும் என்றார்கள்.
அதுவரை நீங்களே இணையம் என்று
ஜிபார் டீச்சர் பெஞ்சுகளைக் கலைத்துப் போட்டார்.

நான் ரவுட்டர்.
எர்மெக் ரவுட்டர். தோல்குனும், காய்ச்சலோடு வந்திருந்த அஸேலும்.
ஜன்னலோரம் சைகல், அனுப்புகிறவள்.
அடுப்போரம் பெர்மெத், பெறுகிறவள்;
இன்று அவள் பெயர் யெகாதெரின்பர்க்.

விதி சிறியது.
கடிதத்தைக் கிழி. துண்டுக்கு ஓர் எண் போடு.
சேரவேண்டிய ஊரை மேலே எழுது, மடி.
வந்ததை எந்தக் கை காலியோ அந்தக் கைக்குத் தள்ளு.
முழு வழி யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.
பிரித்துப் படிக்கக் கூடாது.

மூன்று முதலில் போய்ச் சேர்ந்தது.
பிறகு ஒன்று. நான்கு, அஸேலைச் சுற்றிக்கொண்டு.
கடைசியில் இரண்டு, சூப் கறையோடு.
பெர்மெத் எண்படி அடுக்கி உரக்கப் படித்தாள்:
அம்மா
உன்மேல்
எனக்குக்
கோபம்

அடுப்பில் நிலக்கரி ஒன்று சரிந்தது.
சைகலின் அம்மா அந்த ஊரில்தான்
ஹோட்டல் விரிப்புகள் துவைக்கிறாள்,
இரண்டு குளிர்காலமாக. எல்லோருக்கும் தெரியும்.

"மொத்தம் ஐந்து," என்றார் டீச்சர். "ஐந்து எங்கே என்று கேள்."
கேள்வி மேசை மேசையாய்த் திரும்பிப் போனது:
ஐந்து வரவில்லை. ஐந்து வரவில்லை.
தொலைந்ததை யாரும் தேட வேண்டாமாம்,
அனுப்பியவர் மறுபடி அனுப்பினால் போதுமாம்.

அதாவது சைகல் அந்தச் சொல்லை
இன்னொரு தரம் எழுத வேண்டும்.

பென்சிலை எடுத்தாள். வைத்தாள்.
கண்ணாடியில் அவள் மூச்சு படர்ந்து சுருங்கியது.
நாங்கள் கை நீட்டிக் காத்திருந்தோம்.
எவ்வளவு நேரம் என்று விதியில் இல்லை.

எழுதினாள். மடித்தாள்.
என் கைவழியாகத்தான் போனது, நான் பிரிக்கவில்லை.
பெர்மெத் படித்தாள்: இல்லை.
எர்மெக் கைதட்டினான். மணி அடித்தது.

சாயங்காலம் கோட்டைக் கழற்றும்போது
கை மடிப்பிலிருந்து விழுந்தது, கசங்கிய ஐந்து.
பிரித்தேன்.
அதே பென்சில், அதே சாய்ந்த எழுத்து:
தீரவில்லை.

கேபிள் ஏப்ரலில் வந்தது.
சைகல்தான் முதலில் உட்கார்ந்தாள்.
யெகாதெரின்பர்க் திரையில் சிரித்தது, திக்கித் திக்கி.
கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன்.

பிந்தி வரும் துண்டை வலை தூக்கிப் போட்டுவிடுமாம்.
நான் இன்னும் போடவில்லை.