பதினேழாவது மாடி

விளம்பரத்தில் ராயபுரம் என்ற பேரே இல்லை.
'பே ஃப்ரண்ட் நார்த்' என்று போட்டிருந்தார்கள்.
கடல் தெரியும் என்றார் தரகர் குணசீலன்,
தானே தோண்டிக் கொடுத்ததுபோல்
பால்கனிக் கதவை இழுத்துத் திறந்து.

தெரிந்தது.
கடலுக்கு முன்னால் துறைமுகத்துக் கிரேன்கள்,
அதற்கு முன்னால் கண்டெய்னர் லாரிகள்
நின்றபடி தூங்கும் சாலை,
அதற்கும் முன்னால்
நீலத் தார்ப்பாய் போட்ட கூரைகள்.

"அதப் பாக்காதீங்க மேடம்,
ரெண்டு வருஷத்துல காலியாயிரும்.
அப்புறம் நேரா வியூதான்."

அவர் விரல் நின்ற இடத்தில்
எங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம் இருந்தது.

நான் சமையலறைக்குப் போய்க்
குழாயைத் திறந்தேன்.
பகல் மூன்று மணிக்குத் தண்ணீர் வந்தது.
கையை நீட்டியபடி
கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

வாடகை நாற்பத்திரண்டாயிரம்,
பராமரிப்பு ஏழு,
முன்பணம் ஆறு மாதம்,
குணசீலனுக்கு ஒரு மாதம்.
நீச்சல் குளம் உண்டு; இறங்க நைலான் உடை கட்டாயம்.
பத்து வயதில் பள்ளிச் சீருடையோடு
கருங்கல் மேலிருந்து கடலில் குதித்தவளா நீ
என்று கேட்கும் கட்டம்
படிவத்தில் இல்லை.

பெயர்: ஜெசிந்தா.
வேலை: கப்பல் சரக்கு நிறுவனம், ஆவணப் பிரிவு மேலாளர்.
குடியிருப்போர்: ஒருவர்.
"ஹஸ்பெண்டு வெளிநாடா?"
"வேற வீடு" என்றேன்.

நிரந்தர முகவரி.
இங்கிருந்து கூப்பிடு தூரத்தை
நிரந்தரம் என்று எழுதுவதா,
அதுவும் ரெண்டு வருஷம் கெடு வைத்தவரிடம்?
எழுதினேன்.
பழைய எண், புதிய எண் இரண்டும் போட்டு.
குணசீலன் எழுத்துக்கூட்டுகிறவர்போல்
மெதுவாகப் படித்தார்.
பிறகு ஏசியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

வீட்டுக்காரர் துபாயிலிருந்து திரையில் வந்தார்.
நல்ல மனிதர். என் சம்பளச் சீட்டைப் பாராட்டினார்.
ஒன்றே ஒன்றுதான்: மீன் மட்டும் சமைக்க வேண்டாம்,
வாடை அலமாரி மரத்தில் ஏறிவிடும்,
இத்தாலி மரம்.

"சரிங்க சார்."
அவ்வளவு சீக்கிரம் வந்த 'சரி'யை
இன்றுவரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
அம்மா முப்பது வருடம் ஐஸ் உடைத்த காசிமேடு
வடக்கே கொஞ்ச தூரம்.
கார்த்திகையில் வாடை எழுந்தால்
வாடையும் கூடவே எழும்,
எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாமல்
படி ஏறி வரும்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

குடிபோன ஞாயிறு அம்மா வந்தாள்,
மடிப்புக் கலையாத சேலையில்,
தூக்குவாளியில் வஞ்சிரக் குழம்போடு.
எந்த வீட்டுக்கு வேலைக்கு என்று
கேட்டில் ஒரு பையன் கேட்டானாம்.
என் போனுக்கு நாலு எண் வந்து,
நான் சொல்லி, அவன் தட்டி,
அதற்குள் அவனை விசாரித்து முடித்திருந்தாள்.
"திட்டாத" என்றாள், நான் வாயைத் திறக்குமுன்.
"பனைமரத்தொட்டி சகாயத்தோட மவன்."

குழம்பைச் சூடு பண்ணலாமா என்று கேட்கவில்லை.
நேரே அடுப்பில் ஏற்றினாள்.
நான் சிம்னியை முழு வேகத்தில் வைத்தேன்.
விமானம் கிளம்புகிற சத்தம்.
ரெண்டு பேரும் கத்திக் கத்திப் பேசிச்
சாப்பிட்டோம்.

ராத்திரி கீழேயிருந்து போன்.
"எதுடி உன் வூடு?"
பால்கனி விளக்கைப் போட்டு அணைத்தேன்.
"பாத்துட்டேன். பதினாறு அது."
"பதினேழும்மா."
"தரைய வுட்டுட்டுத்தான் எண்ணுனேன்.
ரெண்டு தபா."

லிஃப்டில் பன்னிரண்டுக்கு அடுத்த பொத்தான் பதினாலு.
பதின்மூன்று ஆகாதென்று
விட்டுவிட்டிருக்கிறார்கள்.
சொன்னேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
டிரம்மில் தண்ணீர் விழுவது மட்டும் கேட்டது.
"அப்ப வாடகை எத்தினிக்கு வாங்குறான்?
பதினாறுக்கா, பதினேழுக்கா?"

பிறகு,
"எங்க, வெளக்கப் போடு.
இன்னொரு தபா எண்றேன்."