ஏழில் முடியும் எண்

என் அடையாள அட்டையின் கடைசி எண் ஏழு.
ஆகவே திங்கள், புதன், வெள்ளி,
காலை ஆறரை முதல் எட்டரை வரை
நான் பனாமா நகரத்தின் குடிமகள்.
மற்ற நேரமெல்லாம்
ஆறாம் மாடியில் ஒரு ஜன்னல்.

ஓசியேலுக்குக் கடைசி எண் இரண்டு.
ஆண்களின் நாட்கள் வேறு,
அவனுடைய மணி மதிய வெயிலில்.
பத்தொன்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்தவர்கள்
ஒரே தெருவில் நடக்க
நாள் குறிக்கவில்லை இன்னும்.
ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் கிடையாது.
நாய்களுக்கு மட்டும்.

மருந்துக்கடை வாசலில் நீல நாடா ஒட்டிய கோடுகள்.
என் கோட்டில் நின்று என் கோட்டிலேயே இருமலை விழுங்கினேன்.
பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் அந்தப் பையன்
கையை விரித்தான்:
இன்சுலின் உண்டு, பரிசோதனைப் பட்டை இல்லை,
அடுத்த வாரம், ஒருவேளை.
வீட்டில் பதினொன்று இருந்தன.
ஒருநாள் விட்டு ஒருநாள் குத்திக்கொண்டேன்.
நடுவில் வரும் நாட்களில்
என் ரத்தம் என்ன நினைக்கிறதென்று
எனக்குத் தெரியாது.

எட்டு மணிக்கு எதிர்க் கட்டடத்தில் பாத்திரம் தட்டுவார்கள்.
நன்றியா பசியா, சத்தத்தில் பிரித்தறிய முடியவில்லை.
பிறகு தொலைக்காட்சியில் அன்றைய கணக்கு.
இறந்தவருக்கு வயது ஐம்பத்துமூன்று,
அவருக்கு ஏற்கெனவே நீரிழிவு இருந்தது.
அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் குரலில்
ஒரு சின்ன ஆசுவாசம்.
கேட்பவர்களுக்கும் இருந்திருக்கும்.
அந்த 'ஏற்கெனவே'யில்
பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறேன் நான்,
ஹோட்டல் சலவையறையில் அடுத்தவர் படுக்கை விரிப்பை
மடித்து மடித்து.
இப்போது ஹோட்டலும் மூடிக்கிடக்கிறது.

அரசாங்கம் ஒரு பை அனுப்பியது.
வெள்ளை அரிசி, மக்ரோனி, கொஞ்சம் பருப்பு,
டின் மீன்,
இரண்டு பவுண்டு சர்க்கரை.
எண்ணிப் பார்த்துச் சிரித்தோம்.
சர்க்கரையை எதிர்வீட்டு மிக்தாலியாவிடம் கொடுத்தேன்.
போன கிறிஸ்துமஸிலிருந்து பேச்சில்லை எங்களுக்கு,
குழாய்த் தண்ணீர்க் கசிவு ஒன்றினால்.
"என் வீட்டில் விஷம் வைத்திருப்பதில்லை" என்றேன்.
அவ்வளவு பேசியதே அதிகம் என்பது போல
வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அந்த ஞாயிறு இரவு
மருந்து முழுதாய்ப் போட்டேன், சோறு பாதியாய்த் தின்றேன்,
சிக்கனம் பண்ணுகிற நினைப்பில்.
பன்னிரண்டு மணிக்கு
கட்டில்தான் நடுங்குகிறதென்று நினைத்தேன்.
நைட்டி தொப்பலாக நனைந்திருந்தது.
விளக்கின் விளிம்பெல்லாம் கரைந்துகொண்டிருந்தது.
பட்டை சொன்னது: நாற்பத்தெட்டு.
ஓசியேல் அலமாரியைக் கவிழ்த்தான்.
தேன் இல்லை, பழம் இல்லை, ஜாம் இல்லை.
அவ்வளவு ஒழுக்கமான வீடு.

அப்புறம் எல்லாம் துண்டு துண்டாய்த்தான் ஞாபகம்.
எதிர்க்கதவில் கைகள் அடிக்கும் சத்தம்.
முகக்கவசத்தைத் தலைகீழாய் மாட்டிய மிக்தாலியா
காபிக் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு
இரண்டு மீட்டர் பின்னால் போனது.
ஓசியேல் விரலால் கலக்கியது. இனிப்பு, மணலோடு.
அந்தக் கால்மணி நேரம்
இரண்டு கதவுகளும் திறந்தே கிடந்தன.
எங்கள் நடைவழி விளக்கு ஆளசைவில் எரிவது.
அது அணைய அணைய
அவள் கையைத் தூக்கி அசைத்தாள்.
அணைந்தது. அசைத்தாள்.
அணைந்தது. அசைத்தாள்.
யாருக்கோ விடைகொடுப்பவள் போலவும்,
போகாதே என்பவள் போலவும்.

இரண்டாவது பட்டை: எண்பத்துமூன்று.
"சரி" என்றாள், தூங்கப் போனாள்.
குழாய்க் கசிவைப் பற்றி இன்றுவரை பேசவில்லை.

கோப்பையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.
பாதிச் சர்க்கரையோடு அது குளிர்பெட்டியில் இருக்கிறது,
எறும்புக்குப் பயந்து,
இன்சுலினுக்கு அடுத்த தட்டில்.