பகை எண்

"கூட்டினா ரெண்டு வருது. எனக்கு ஆகாதும்மா,
வேற நம்பர் போடு" என்றார்
பேரணாம்பட்டு ஏகாம்பரம், தோல் லாரி டிரைவர்.
வேலூரில் அன்று நாற்பத்து மூன்று டிகிரி.
அதுவும் பகா எண்தான், என்ன செய்வது.

அப்போதுதான் திரையைப் பார்த்தேன்:
73939133.

நம்பரை நான் போடுவதில்லை, இயந்திரம் தருகிறது,
யார் எப்போது வருகிறாரோ அவருக்கு,
என்று சொல்லியிருக்க வேண்டும்.
எம்.எஸ்ஸி. கணிதம் முடித்து
ஆஸ்பத்திரிக் கவுண்டரில் ஆறு வருஷம்
பெயரும் வயதும் அடித்துக்கொண்டிருந்த எனக்கு
வாய் உலர்ந்துவிட்டது.

"இது பகா எண்ணுங்க."
"பகை எண்ணா?"
"பகா. யாரும் பங்கு போட முடியாது.
எட்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வரைக்கும்
ஆயிரத்துக்கு மேல பகா எண் இருக்கு,
ஒவ்வொண்ணா வகுத்துப் பார்த்தாலும் மீதி நிக்கும்."
"மீதி நின்னா கடன்தானே" என்றார்.
பின்னால் குடியாத்தத்துக் கூட்டம் முனகியது.

இன்னொன்றும் நாக்கு நுனிவரை வந்தது.
வலது ஓரத்தில் ஓர் இலக்கத்தை வெட்டு:
7393913. பகா எண்.
இன்னொன்று: 739391. அதுவும்.
வெட்டிக்கொண்டே போ,
ஏழு மட்டும் தனியாக நிற்கும்வரை
எந்த இடத்திலும் உடையாது.
இடப்பக்கமிருந்து வெட்டினால் இந்த வித்தை இல்லை.
நூற்று முப்பத்து மூன்று மிஞ்சும்போது
முதலில் தூக்கிப்போட்ட அதே ஏழு
திரும்பி வந்து
பத்தொன்பது தடவையில் தீர்த்துவிடும்.
இந்த இனத்தில் இதைவிடப் பெரியது கிடையாது.
கடைசியில் ஒன்றோ ஏழோ ஒட்டினால் மூன்று வகுக்கும்,
மூன்றோ ஒன்பதோ ஒட்டினால் வேறு ஏதோ ஒன்று.
வளர்ந்து முடித்த எண்.
இனிக் குறையத்தான் முடியும்.

சொல்லவில்லை.
அவர் வலது காலில் செருப்புக்குப் பதில்
கட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பை,
சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம் தட்டை.
சீட்டில் டாக்டரின் கிறுக்கல்: பக்கத்து விரலும்.

அட்டையை வாங்கிப் போனார், அரைமனதாக.

மறுபடி வந்தது ஐப்பசியில்.
பாலாற்றில் தண்ணீர் வந்த வாரம்,
வேலைக்கு வராமல் பாதிப் பேர்
பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
கால் இப்போது பாதத்துக்கு நடுவில் முடிந்திருந்தது.
அட்டை தொலைந்துவிட்டதாம்.
"நம்பர் சொல்லுங்க" என்றேன், தெரிந்தேதான்.
"ஏழு, மூணு, ஒம்போது, மூணு..."
கண்ணை மூடினார். திறந்தார்.
"மிச்சம் போச்சும்மா."

இயந்திரத்துக்கு எட்டும் வேண்டும்.
மீதி நான்கை நான் அடித்தேன்,
எங்கும் பார்க்காமல்.
பெயர் வந்தது, வயது வந்தது,
ஆறு மாதத்து வெட்டுகள் தேதிவாரியாக வந்தன.

"நீ ஞாபகம் வெச்சினுகீறியே" என்றார்.
பிறகு, "அந்த நாலை மட்டும் கூட்டினா இன்னா வருது?"

இருபத்திரண்டு. "நாலு" என்றேன்.

"அதுவும் ஆகாது" என்று சிரித்து,
ஊன்றுகோலை இடது கைக்கு மாற்றி
நகல் அட்டைக்கான இருபது ரூபாயைச்
சட்டைப் பையில் தேடினார்.